புழு இல்லாத மாதம்

தாயும் தகப்பனும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பூங்காவில் எல்லோருக்கும் அவள் புழு அக்காதான். மேனேஜருக்குப் புழு அக்கா, வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்குப் புழு அக்கா, அவளைவிட மூத்தவரான தோட்டக்காரருக்கும் புழு அக்கா. முதலில் கோபம் வந்தது. பிறகு கோபப்பட நேரமில்லாமல் போய்விட்டது. நாள் முழுக்கப் புழுவோடு கிடக்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள், மயில் அக்கா என்றா?

நகரம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்தப் பூங்கா. நடுவில் பெரிய கண்ணாடி வீடு. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள், பறக்கிற வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், தோளில் ஒன்று வந்து உட்கார்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் உள்ளே வர மாட்டார்கள். அதுதான் வளர்ப்பு அறை. வெளியே பறக்கிற அழகெல்லாம் இந்தப் புழுக்கத்திலும் நாற்றத்திலும்தான் உருவாகிறது.

அவள் பொறுப்பில் இருந்தது கருநீலம் என்கிற பூச்சி. காட்டுப் பூச்சி அது. ஊருக்குள் நாலு பூச்செடி வைத்தால் வந்து நிற்கிற ரகமல்ல. மரநிழலில், ஓடைக்கரையில், வெயில் துண்டு துண்டாக விழுகிற பாதையில்தான் பறக்கும். இறக்கையை விரித்தால் ஓர் உள்ளங்கை இருக்கும். முன் இறக்கை முழுக்கக் கறுப்பு, மினுக்கமான கறுப்பு. பின் இறக்கையில் யாரோ நீலப் பொடியைக் கையில் வைத்து ஊதிவிட்டதுபோல் ஒரு நீலம், அதற்குள் கறுப்புப் பொட்டுகள். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், அடிப்புறமாக, சிவப்புத் தீற்றல். ஆணுக்கு நீலம் பளிச்சென்று இருக்கும். பெண்ணுக்குக் கொஞ்சம் வெளுப்பு. பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும்போதுகூட இறக்கை சும்மா இருக்காது, படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். வேலையை முடித்துவிட்டு எங்கேயோ ஓட வேண்டும் என்கிற அவசரம் அதற்கு. அந்த அவசரம் அவளுக்கு நன்றாகவே புரியும்.

இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் அவள் வாழ்க்கை புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். தாய்ப்பூச்சி இலை இலையாகப் போய் முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். அதற்கு ருசி காலில் இருக்கிறது. எலுமிச்சை வகைச் செடிதான் என்று உறுதியான பிறகே வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைக்கும், மஞ்சள் உருண்டையாக. சில நாளில் புழு வெளியே வந்து, முதல் வேலையாகத் தான் இருந்த முட்டை ஓட்டையே தின்னும். பார்க்க அப்படியே காக்கை எச்சம். கறுப்பும் வெள்ளையும் ஈரப் பளபளப்புமாக இலைமேல் கிடக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே குஞ்சே எச்சம்தான், ஆனாலும் அவளுக்குப் பொன். தின்று தின்று, தோல் உரித்து உரித்து, கடைசித் தோலில் திடீரென்று பச்சையாகிவிடும். விரல் பருமன், கழுத்துப் பக்கம் கண் மாதிரி ஒரு பொட்டு. தொட்டால் தலைக்கு மேலே சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும் பாருங்கள், அழுகிய பழத்தை வெயிலில் வைத்ததுபோல. பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டு இங்கும் அங்கும் நடக்கும். ஒரு குச்சியைப் பிடிக்கும். இடுப்பில் நூல் சுற்றிக்கொண்டு, கம்பத்தில் ஏறிய கரண்ட்காரர் வாரில் சாய்ந்து நிற்பாரே, அப்படிச் சாய்ந்து கூடாகிவிடும். இரண்டு வாரம் போனால் ஒரு காலையில் கூடு வெடித்துக் கருநீலம் கசங்கிய துணியாக வெளியே வந்து, தொங்கி, காய்ந்து, பறக்கும்.

இதில் முட்டை உங்களை ஒன்றும் கேட்காது. கூடும் கேட்காது. பூச்சிக்குத் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் இருந்தால் போதும், அதை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். புழு மட்டும்தான் கேட்கும். காலையில் புது இலை கேட்கும், மத்தியானம் கேட்கும், சாயங்காலம் கேட்கும், ஞாயிற்றுக்கிழமையும் கேட்கும். மருந்து அடிக்காத இலை வேண்டும், கழுவித் துடைத்த இலை வேண்டும். கீழே கிடக்கிற கழிவை அப்படியே விட்டால் பூஞ்சை வரும், நோய் வரும், ஒரே நாளில் புழு இருக்கிற பெட்டி முழுக்கக் கறுத்துத் தொங்கிவிடும். இளம் புழுவைக் கையால் தொடக் கூடாது, பெயிண்ட் அடிக்கிற சின்னப் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். உதவிக்கு வைத்த ஆட்கள் யாரும் ஒரு வாரம் தாண்டவில்லை. டிக்கெட் கிழிக்கிறவள் புழுவைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். தோட்டக்காரரைக் கேட்டபோது அவர் சொன்ன நியாயம் வேறு: வாழ்நாள் முழுக்கப் புழுவைக் கொன்று பிழைத்தவன் நான், என் கையில் புழுவைக் கொடுத்தால் கை பழைய வேலையைத்தான் செய்யும் என்றார்.

ஆக, எல்லாம் அவள்தான். எத்தனை வருஷம் என்று கேட்டால் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், தூங்குவார், போவார். அவள் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகிவிடும், கொம்பு நாற்றம் சோப்புக்கும் அசையாது. அது ஒரு விதத்தில் சௌகரியம், ஜன்னலோரம் காலை நீட்டித் தூங்கலாம். தூக்கம்தான் அவளுக்கு எப்போதும் பாக்கி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்த நாட்கள் நிறைய.

மகள் வேறு நகரத்தில், கல்யாணமாகி, மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடியும்போது போய்ச் சேரலாம். இரண்டு முறை மகளுக்குக் கரு தங்கிக் கலைந்தது. முதல் முறை அம்மாவால் போகவே முடியவில்லை, பெட்டி பெட்டியாகப் பச்சைப் புழு, இலைக்குக் கத்துகிற பருவம். இரண்டாவது முறை போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மகள் தலையைக் கோதிவிட்டாள். அரை நாள்கூட ஆகவில்லை, ஃபோன் வந்தது. பெட்டியில் புழுக்கள் கறுத்துத் தொங்குகின்றன என்று மேனேஜர் பதறினார். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். கிளம்பும்போது மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, எழுப்பாமல் வந்துவிட்டாள். அந்தத் தடவை புழுக்களும் பிழைக்கவில்லை. அதையும் சேர்த்து அழ அவளுக்கு நேரமில்லை, பெட்டிகளைக் கழுவ வேண்டியிருந்தது.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று ஊரில் சொல்வார்கள். புழுவை நம்பிப் பிள்ளையைக் கைவிட்ட கதை இது என்று மகள் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது முறை கரு நின்றது. மாதம் ஏறிக்கொண்டே போனது. எட்டாம் மாதம் ஆகப் போகிற நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தடவை நீ வரணும்மா. வந்தா இருக்கணும். பாதியில கிளம்பிப் போறதா இருந்தா, வராத. அதுக்கப்புறம் எப்பவுமே வராத."

அவள் சரி என்றாள். வேறென்ன சொல்ல. ஃபோனை வைத்துவிட்டு வளர்ப்பு அறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். இருப்பது ஒரே பிள்ளை. அது இப்படிச் சொல்கிற அளவுக்குத் தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். மகள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை, சொன்னால் செய்வாள், அந்தப் பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்ததுதான்.

அங்கே உட்கார்ந்தபடியே ஒரு யோசனை வந்தது. புழுதானே கேட்கிறது? புழுவே இல்லாத ஒரு மாதம் இருந்தால்? இப்போது இருக்கிற பெண்பூச்சிகளைச் செடி இல்லாத கூண்டில் பிரித்து வைத்துவிட்டால் முட்டை வைக்காது. இருக்கிற முட்டைகள் பொரிந்து, புழுவாகி, எல்லாம் கூடு கட்டி முடிக்கிற நேரமும் மகளுக்கு நாள் நெருங்குகிற நேரமும் ஒன்றாக வரும். அப்புறம் அறையில் தொங்குகிற கூடுகள் மட்டும்தான். அவை வெடித்துப் பூச்சியானால் கண்ணாடி வீட்டில் பறக்கட்டும். திரும்பி வந்த பிறகு செடியை உள்ளே வைத்தால் மறுபடி முட்டை. இத்தனை வருஷத்தில் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். அவளைவிடச் சின்னவர், எப்போதும் எதற்காவது பதறிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நாளாக முட்டைகள் பாதிக்கு மேல் பொரியாமல் போவதில் அவருக்குக் கவலை. அவள் திட்டத்தைச் சொன்னதும் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பூச்சிகளுக்கும் ஒரு ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார். கடைசியாகச் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஒரு புழு மிச்சம் இருந்தாலும் ஃபோன் பண்ணுவேன்க்கா."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அவளுக்குப் போன தடவை வந்த ஃபோன் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே பெண்பூச்சிகளைப் பிடித்துத் தனிக் கூண்டில் விட்டாள். நைலான் வலை அடித்த கூண்டு, உள்ளே பூவும் சர்க்கரைத் தண்ணீரும் மட்டும். அடுத்த வேலை, புழுக்களுக்காக வைத்திருந்த எலுமிச்சைத் தொட்டிகளை அறையின் மறுகோடிக்கு நகர்த்துவது. தொட்டி ஒவ்வொன்றும் கனம். அவளுக்கு இடுப்பு விட்டுப்போய் வெகுநாளாகிறது. பாதி தூரம் இழுத்தாள், கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள், மூச்சு வாங்கியது. நாளைக்கு மிச்சத்தை நகர்த்திக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாள் நாலு பெட்டிப் புழு ஒரே சமயத்தில் தோல் உரித்தது. அவள் நினைத்த நாளை வரவே இல்லை.

அசதி மனுஷரைப் பிடித்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. தினமும் அந்த வழியாகத்தான் போய் வந்தாள். தொட்டிச் செடிகளின் கிளைகள் நாளாவட்டத்தில் துளிர்த்து வலையில் ஒட்டி நின்றதும், வலைக்கண் வழியாக இலை உள்ளே எட்டிப் பார்த்ததும், பெண்பூச்சிகள் உள்ளிருந்தபடியே அந்த இலைகளைக் காலால் தட்டிப் பார்த்ததும் அவள் கண்ணில் படவில்லை. பெற வேண்டிய தாய்க்கு வலையெல்லாம் ஒரு தடையா? வயிற்றை வளைத்து, வலைக்கண்ணில் விட்டு, வெளியே இருக்கிற இலையில் முட்டை வைத்துவிட்டன.

பெட்டிகளில் இருந்த புழுக்கள் எல்லாம் கூடு கட்டின. கடைசிப் புழுவும் நூலைச் சுற்றிக்கொண்டு சாய்ந்தபோது அவள் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். குச்சி குச்சியாகக் கூடுகள் தொங்கின. அறை அமைதியாக இருந்தது. புழு தின்கிறபோது ஒரு சத்தம் இருக்கும், தூறல் விழுகிற மாதிரி. அது இல்லாத அறையை அவள் கேட்டதே இல்லை. சாயங்காலம் பஸ். பை கட்டி வாசலில் வைத்தாயிற்று. போகிற போக்கில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று போனாள்.

இலை ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டு. இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். வாழ்க்கையில் முதல் முறையாக, கடவுளே, இது நிஜமாகவே காக்கை எச்சமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தகரக் கூரைக்குக் கீழே காக்கை ஏது? குனிந்து பார்த்தாள். புழு. இலைக்கு இலை புழு. ஒரு முட்டைகூட வீணாகவில்லை, எல்லாம் பொரிந்திருந்தது. இத்தனை மாதமாக மேனேஜர் ஏங்கிக் கிடந்த பொரிப்பு அது. இன்றைக்குத்தான் வர வேண்டுமா?

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் நின்றாள். தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போகலாமா? இத்தனை புழுவுக்கு இந்த இலை பத்து நாளைக்கும் காணாது, பச்சையாகிற பருவத்தில் பட்டினி கிடந்து சாகும். தொட்டிக்கு ஒன்றிரண்டு மட்டும் விட்டுவைத்தால்? மேனேஜர் பார்ப்பார். பார்த்ததும் சந்தோஷத்தில் குதிப்பார். மறுநாளே ஒன்று வாடும், ஒன்று விழும், ஃபோன் அடிக்கும். மகளுக்கு வலி எடுத்திருக்கிற நேரமாகப் பார்த்து அடிக்கும். அந்த ஃபோனை எடுத்தால் தன் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். ஒரு புழு இருந்தாலும் அவளால் அங்கே இருக்க முடியாது.

கைகழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தது. பிரஷ்ஷை எடுத்தாள். எத்தனையோ வருஷமாக இலை விட்டு இலை மாற்றிய அதே பக்குவத்தில், நோகாமல், ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள். கொசு அளவு உடம்பு. அதிலும் சில, பிரஷ் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத கொம்பை நீட்டின. பெரிய நாற்றம் வருகிற வயதுகூட இல்லை. வாளியில் விழுந்ததும் சுருண்டன. பாவி, பாவி என்று அவள் வாய் தன்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. கை நிற்கவில்லை. நின்றால் மறுபடி ஓடாது என்று தெரிந்து வேகமாகச் செய்தாள். கடைசித் தொட்டியில் கண் கலங்கி எது புழு, எது கறை என்று தெரியாமல் போனது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு முடித்தாள். வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

வெளியே தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தொட்டிகளுக்குத் தண்ணீரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நிம்மதியாகப் போய் வரும்படியும் சொன்னார். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். சோப்பு பட்டுவிட்டது என்றாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவள் தூங்கவில்லை.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி நீண்டு, ஒரு பகலும் பாதி இரவும் படுத்தி எடுத்துவிட்டது. அத்தனை நேரமும் அம்மா பக்கத்தில் இருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தேய்த்துக்கொண்டு. மருமகன் பயந்துபோய் வராந்தாவில் நடந்தான். வீட்டுக்கு வந்த பிறகு சமைப்பது, துவைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் கைக்கு வந்தன. புழுவுக்குச் செய்கிற அதே ஒழுங்குதான்: கழுவு, துடை, காய வை, ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள். வேலை அவளுக்குப் புதிதில்லை. புதிது என்னவென்றால், மகளின் கண். ஃபோன் எங்கே அடித்தாலும், பக்கத்து வீட்டில் அடித்தால்கூட, மகள் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். அம்மா கொண்டுவந்த பை கட்டிலுக்கடியில் பாதி பிரித்தபடி கிடந்தது. அதையும் ஒருநாள் மகள், மறுபடி கட்டி வைத்திருக்கிறாளா என்று காலால் தள்ளிப் பார்த்தாள்.

குழந்தை முகம் தெளிந்து, பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். மத்தியானம். மகள் கட்டிலில் படுத்திருந்தாள், குழந்தை பக்கத்தில் தூங்கியது, அம்மா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. மேனேஜர்.

அவள் கையில் துணி அப்படியே நின்றது. மகள் எழுந்து உட்காரவில்லை, ஆனால் விழித்துக்கொண்டாள். அம்மா ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவர் வழக்கம்போலப் பதற்றமாகத் தொடங்கினார். தொட்டியில் ஒரு புழு இருக்கிறதாம். அடிக்கிளையில், இலை மறைவில் எப்படியோ தப்பி இருந்ததாம். தோட்டக்காரர்தான் முதலில் பார்த்தாராம், அன்றிலிருந்து எறும்பு ஏறாமல் தொட்டிக்கடியில் தண்ணீர்த் தட்டு வைத்துக் காவல் காக்கிறாராம். இப்போது விரல் பருமனில் பச்சையாக இருக்கிறதாம். நேற்று வரை நன்றாகத் தின்றது, இன்றைக்குத் தின்ன மாட்டேன் என்கிறது, தொட்டியை விட்டு இறங்கி ஓடுகிறது என்றார்.

அவள் முடிக்க விடவில்லை.

"நான் வர மாட்டேன் சார்," என்றாள். "என்ன ஆனாலும் சரி. செத்தாலும் சரி. நான் வரல."



"வரச் சொல்லலியேக்கா," என்றார் மேனேஜர். "என்ன பண்ணணும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். நாங்க பண்ணிக்கறோம். குழந்தை எப்படி இருக்கு?"

அது சாக நடக்கவில்லை, கூடு கட்ட இடம் தேடுகிறது என்று சொன்னாள். ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் போதும், தொட வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்றாள். அவர் சந்தோஷமாக நன்றி சொன்னார். தோட்டக்காரர் பின்னாலிருந்து குச்சி ரெடி என்று கத்துவது கேட்டது. ஃபோனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து வந்து விழுந்தது. புழுக்களை விட்டுவிட்டு வந்திருந்தால் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். மேனேஜர் பதறியபடியே இலை வைத்திருப்பார். ஒன்றிரண்டு செத்திருக்கும், மிச்சம் பிழைத்திருக்கும். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனை உயிரையும் வாளியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வராத ஒரு ஃபோனுக்குப் பயந்து. அதோடு போயிற்றா? போன தடவை ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த ஃபோனையும் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பார்த்தாள். புழு கறுத்துத் தொங்குது, என்ன பண்றதுன்னு தெரியலக்கா என்றுதான் அவர் சொன்னார். வா என்று சொல்லவே இல்லை. இதோ கிளம்பிட்டேன் சார் என்று சொன்னது அவள்.

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்து அசதியும் சேர்ந்து கொட்டியது.

மகள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும்தான்: நான் வரல, செத்தாலும் வரல. அவள் முகம் இளகியிருந்தது. இத்தனை நாளில் அம்மா பார்க்க ஏங்கிய முகம் அது. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அம்மாவுக்கு ஒரு நொடி தோன்றியது. எனக்காக அம்மா வேலையையே தூக்கி எறிந்தாள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளட்டுமே, யாருக்கு நஷ்டம்? ஆனால் வாய் கேட்கவில்லை.

"யாரும் என்னைக் கூப்பிடலடி," என்றாள். "இப்பவும் கூப்பிடல. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் கூப்பிடல. நானாத்தான் எழுந்து போனேன்."

மகள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"தெரியும்மா," என்றாள். "அன்னைக்கு நான் தூங்கல. ஃபோன்ல அவர் பேசினது எனக்கும் கேட்டுச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மகள் குழந்தையைச் சுவர்ப்பக்கம் நகர்த்திப் படுக்க வைத்து, தானும் நகர்ந்து, கட்டிலில் கொஞ்சம் இடம் விட்டாள். வந்து படு என்று சொல்லவில்லை. அம்மா எழுந்து போய் அந்த இடத்தில் படுத்தாள்.